அத்தியாயம் 7: புதிய வால்வு, பழைய தசை

வால்வு ஆபரேஷன் முடிந்து முதல் பரிசோதனைக்கு வருகிறவர்களின் கையில் எக்கோ ரிப்போர்ட் இருக்கும். அதில் ஓர் எண்ணின் கீழ் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். "வால்வுதான் மாத்தியாச்சே சார், அப்பாவுக்கு இ.எஃப். ஏன் இன்னும் நாற்பதுலயே நிக்குது? ஆபரேஷன் சரியா நடக்கலையா?" பெரும்பாலும் மகளோ மருமகனோ கேட்பார். நோயாளி பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆபரேஷன் சரியாகவே நடந்திருக்கும். மாற்றப்பட்டது வால்வு மட்டும். இறுகிப்போன கதவைப் பல வருஷம் முட்டித் தள்ளிய ஆளைப் போல இடது கீழறையின் தசை தடித்தும் களைத்தும் கிடக்கிறது. புதுக் கதவு வைத்த அன்றே அந்த ஆள் எழுந்து ஓட மாட்டான். எத்தனை நாளில் தேறுவான், முழுக்கத் தேறுவானா என்பதெல்லாம் எவ்வளவு காலம் முட்டினான் என்பதைப் பொறுத்தது. இனி எத்தனை வருஷம் வாழலாம் என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. மீதிப் பாதி வீட்டில் எடுக்கும் மாத்திரையிலும் ரத்தப் பரிசோதனையிலும் இருக்கிறது.

வால்வு சுருங்கியபோது நடந்தது

இடது கீழறைக்கும் மகாதமனிக்கும் நடுவே இருப்பது அயோர்டிக் வால்வு. ஆரோக்கியமான பெரியவருக்கு இது 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே போய், வால்வின் இரு பக்கத்துக்கும் சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ.யைத் தொட்டு, ரத்தம் பாயும் வேகம் விநாடிக்கு 4 மீட்டரை எட்டினால் ரிப்போர்ட்டில் 'சிவியர்' என்று எழுதுவார்கள். அந்த நிலையில் கையில் பார்க்கும் பி.பி. 130 ஆக இருந்தாலும் இதயத்துக்குள் அழுத்தம் 200 வரை போயிருக்கலாம். தசை அதைத் தாங்குவதற்காகத் தடிக்கிறது. சுமார் 10 மி.மீ. இருக்க வேண்டிய சுவர் 14, 15 ஆகிறது.

காரணம் வயதுக்கு வயது மாறும். முதியவர்களுக்கு வால்வில் கால்சியம் படிகிறது. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ்தான் இருக்கும். அவர்களுக்கு ஐம்பது, அறுபது வயதிலேயே இறுகிவிடும். நம் நாட்டில் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுகளும் நிறைய. அவர்களுக்குப் பெரும்பாலும் மைட்ரல் வால்வும் சேர்ந்தே பாதித்திருக்கும்.

தடித்த தசை ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்யும். இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு, 60 என்றே இருக்கும். ஆனால் தசை விறைத்துவிட்டதால் கீழறை தளர்ந்து நிரம்பாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "இ.எஃப். நார்மல், ஆனா மூச்சு வாங்குது" என்பவர்கள் இந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். இதற்குப் பிறகும் காலம் தாழ்த்தினால் தசைநார்கள் மடிந்து அந்த இடத்தில் தழும்பு விழும். இ.எஃப். இறங்கத் தொடங்கும். வால்வை மாற்றிய பிறகு தடித்த தசை மெலிந்து பழைய நிலைக்குத் திரும்பும். விழுந்த தழும்பு திரும்பாது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டைப் படிப்பது

மாதிரிக்கு ஒரு ரிப்போர்ட் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு முன்: இ.எஃப். 38, சராசரி கிரேடியன்ட் 46, சுவர்த் தடிமன் 15 மி.மீ. டிஸ்சார்ஜ் ஆகும்போது: இ.எஃப். 40, கிரேடியன்ட் 11, சுவர் அதே 15. ஆறு மாதம் கழித்து: இ.எஃப். 52, கிரேடியன்ட் 12, சுவர் 13.

முதலில் கவனிக்க வேண்டியது கிரேடியன்ட், அதாவது வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம். அது ஆபரேஷன் டேபிளிலேயே இறங்கிவிட்டது. வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 11 ஏன் பூஜ்யம் ஆகவில்லை என்று சிலர் பதறுவார்கள். செயற்கை வால்வு எதுவானாலும் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளும்; 10, 15 என்று இருப்பது பெரும்பாலான வால்வுகளுக்கு இயல்பு. பெரிய உடம்புக்குச் சின்ன வால்வு வைக்க நேர்ந்தால் எண் இதைவிடக் கூடுதலாக இருக்கும், தசை மெலிவதும் தாமதமாகும். இந்தப் பொருத்தமின்மையை ரஹீம்துலா என்ற மருத்துவர் 1978இல் எழுதினார். இப்போது உடல் பரப்பைக் கணக்கிட்டு வால்வின் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்களுக்கு வைத்த வால்வின் அளவு என்ன என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

அடுத்தது இ.எஃப். முதல் வாரத்தில் வரும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதய உறையைத் திறந்து மூடியதால் இரு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவர் சில மாதங்களுக்கு விசித்திரமாக அசையும். ரிப்போர்ட்டில் 'அப்நார்மல் செப்டல் மோஷன்' என்று வருவது பெரும்பாலும் இதுதான். தவிர, ஒரே ஆளுக்கு இருவர் எக்கோ எடுத்தாலே ஐந்து புள்ளி முன்பின் வரும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுக்கும் எக்கோவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பின்னால் எடுப்பதை எல்லாம் அதனோடு ஒப்பிடுவதே சரி. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள்.

இறங்கியிருந்த இ.எஃப். ஏறுமா? தசை உயிரோடு இருந்து, அழுத்தம் தாங்காமல் மட்டும் தளர்ந்திருந்தால் ஏறும், சில சமயம் ஆச்சரியப்படும் அளவுக்கு. பெரும்பகுதி முன்னேற்றம் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தெரிந்துவிடும். சுவரின் தடிமனும் முதல் வருஷத்தில் வேகமாகக் குறையும். அப்புறம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். தழும்பு அதிகமானவர்களுக்கு ஏற்றம் சொற்பம். எவ்வளவு தழும்பு என்பதை இதய எம்.ஆர்.ஐ. காட்டும்.

வால்வு இறுகாமல் கசிந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கீழறை தடிப்பதைவிட உப்பிப் பெருத்திருக்கும். வால்வு மாற்றிய உடனே சுமை சட்டென்று மாறுவதால் இ.எஃப். ஓரிரு வாரம் முன்பைவிடக் குறைந்து, பிறகு ஏறுவதும் உண்டு. "ஆபரேஷனுக்கு முன்னாடி 50, இப்ப 42" என்று வந்து நிற்கிறவர்களில் பலர் இவர்கள்தான். கீழறையின் அளவு சுருங்கி வருகிறதா என்று பாருங்கள். அது சுருங்கினால் கவலையில்லை.

ஒரு வருஷமாகியும் இ.எஃப். நகரவே இல்லை என்றால் காரணம் தேட வேண்டும். பி.பி. கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம்: வால்வில் இருந்த தடை போய், ரத்தக் குழாயில் இன்னொரு தடை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். வால்வைச் சுற்றி ஓரத்தில் கசிவு இருக்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அந்தத் துடிப்பு முறையே இதயத்தை அயர்த்தலாம். இவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு பழக்கம். வால்வு மாற்றியாகிவிட்டது, இனி இதய மாத்திரை எதற்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். இ.எஃப். குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரைகள் தசையைத் தேற்றும் மருந்து. வால்வுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு. 2025இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில், காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்துக்கொண்ட, ஏற்கெனவே இதயச் செயலிழப்பு இருந்த முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு டபாகிளிஃப்ளோசின் கொடுத்தார்கள். சர்க்கரைக்கு நாம் அறிந்த அதே மாத்திரை. ஒரு வருஷத்தில் இறப்போ இதயச் செயலிழப்பு மோசமாவதோ நேர்ந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம், எடுக்காதவர்களில் 20 சதவீதம். புது வால்வுக்குப் பிறகும் மருந்துக்கு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எத்தனை வருஷம்?

நேரடியாகக் கேட்கத் தயங்குவார்கள். "மத்தபடி ஒண்ணும் பயமில்லையே?" என்று சுற்றி வளைப்பார்கள். கணக்கை நேராகவே பார்ப்போம்.

ஆபரேஷன் இல்லாவிட்டால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1968இல் ராஸ், பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் காட்டியது இது: வால்வு இறுகியவர்கள் அறிகுறி இல்லாமல் நெடுங்காலம் போவார்கள், நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் மூன்றில் ஒன்று தலைகாட்டிய பிறகு சராசரி ஆயுள் சில வருஷம்தான், மூச்சுத்திணறல் என்றால் சுமார் இரண்டே வருஷம். 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வும் அதையே உறுதி செய்தது. நெஞ்சைத் திறக்கவே முடியாத நிலையில் இருந்த முதியவர்களில், மருந்தோடு மட்டும் விட்டவர்களில் ஒரு வருஷத்துக்குள் பாதிப் பேர் இறந்தார்கள். காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்தவர்களில் 31 சதவீதம். பிரான்ஸின் ரூவான் நகரில் அலன் கிரிபியே 2002இல் முதன்முதலாகச் செய்த இந்த முறையைத்தான் 'டாவி' என்கிறோம்.

ஆபரேஷனுக்குப் பின் ஆயுளைப் பற்றி எனக்குப் பிடித்த கணக்கு ஸ்வீடனுடையது. அங்கே வால்வு மாற்றிய 23,000க்கும் மேற்பட்டவர்களை நாட்டின் பதிவேட்டில் பின்தொடர்ந்து, அதே வயதுள்ள பொதுமக்களின் ஆயுளோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக இழந்தது 1.9 வருஷம். எண்பது வயதுக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இழந்தது அரை வருஷம்கூட இல்லை. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களோ நாலு வருஷத்துக்கு மேல் இழந்தார்கள். கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். இளையவருக்கு முன்னால் நீண்ட காலம் கிடக்கிறது. அத்தனை வருஷமும் ரத்தம் உறைதல், ரத்தக்கசிவு, வால்வில் கிருமித் தொற்று, மறு ஆபரேஷன் எல்லாம் குறுக்கே வர வாய்ப்பு உண்டு. 'எண்பது வயசுல எதுக்கு ஆபரேஷன்' என்பதும் 'சின்ன வயசு, தாங்கிடுவான்' என்பதும் இரண்டுமே தப்புக் கணக்கு என்று இதிலிருந்து புரியும். முதியவரைத் தள்ளிவைக்கக் கூடாது. இளையவரை ஆபரேஷனோடு மறந்துவிடக் கூடாது.

வேறு நோய் அதிகமில்லாதவர்களுக்கு அறுவையா டாவியா என்பது இப்போது பெரிய விவாதம். சராசரி வயது 73 உள்ளவர்களை வைத்து நடந்த பார்ட்னர் 3 ஆய்வில் ஐந்து வருஷ முடிவில் டாவி செய்தவர்களில் 10 சதவீதமும், அறுவை செய்தவர்களில் 8 சதவீதமும் இறந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. எழுபதைத் தாண்டியவர்கள் தைரியமாக இரண்டையும் பேசலாம். ஐம்பதுகளில் இருப்பவர் தையல் போட வேண்டாமே என்பதற்காக மட்டும் டாவிக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னும் ஆபரேஷன் ஆகாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் கொரியாவில் 145 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வால்வு மிகக் கடுமையாக இறுகி, ஆனால் அறிகுறி இல்லாதவர்கள் அவர்கள். உடனே ஆபரேஷன் செய்தவர்களில் ஆபரேஷனிலோ இதயக் கோளாறாலோ இறந்தவர் 1 சதவீதம், காத்திருந்தவர்களில் 15. அறிகுறி இல்லை என்று சொல்பவரிடம் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். பழநியில் படியேறுவதை விட்டு வின்ச்சில் போகத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். வயசாயிடுச்சு என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு

இந்தியாவில் ஏராளமானவர்களின் நெஞ்சில் துடிப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவானது. மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு. இறக்குமதி வால்வைவிட விலை குறைவு. எந்த உலோக வால்வுக்கும் தேய்மானப் பயம் அநேகமாக இல்லை. பயமெல்லாம் ரத்தம் உறைவதில்தான். அதற்காக அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் ஆயுள் முழுக்க. இதற்கு விதிவிலக்கு கிடையாது. ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பரிசோதனை, பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்திருக்கிறதாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டபிகாட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்தபோது உறைவும் கசிவும் இரண்டுமே கூடி, 2012இல் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

அயோர்டிக் இடத்தில் வைத்த இன்றைய வால்வுகளுக்கு வேறு ஆபத்து இல்லாதவர்கள் ஐ.என்.ஆர்.ஐ 2.5 பக்கம், அதாவது 2க்கும் 3க்கும் நடுவில் வைத்தால் போதும். இ.எஃப். குறைந்தவர்கள், துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு 3 பக்கம். மைட்ரல் வால்வும் மாற்றியிருந்தால் இலக்கு உயரும். உங்கள் இலக்கு எது என்பதை டாக்டர் கையால் நோட்டில் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துவந்த அளவு உங்களுக்கு ஆகாது.

முருங்கைக்கீரை சாப்பிடலாமா என்ற கேள்வி வராத நாளே இல்லை. சாப்பிடலாம். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு மாதம் தினமும் கீரை, அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆர்.ஐ ஆட்டிவைக்கும். கீரையைவிட மோசமானவை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, பெயர் தெரியாத லேகியம், ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் தொடங்கினால் சில நாட்களிலேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியிருக்கும். கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட நீட்டுவதற்குள் 'நான் அசிட்ரோம் சாப்பிடுறேன்' என்று சொல்லிவிடுங்கள். தசையில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்டவைக்கும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் நாள் தள்ளிப்போன பிறகு வராமல், திட்டமிடும்போதே இதய மருத்துவரைப் பாருங்கள். இந்த மருந்து முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கக்கூடும்; மருந்தைத் தானாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து.

ராத்திரி அமைதியில் வால்வின் 'டிக்' சத்தம் கேட்கும். முதலில் தூக்கம் கெடும், பிறகு பழகிப்போகும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கிவிட்டாலோ நின்றுவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தட்டில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

உலோகத்துக்குப் பதில் திசுவால் ஆன வால்வு வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் குறைவு. பத்து, பதினைந்து வருஷத்தில் வால்வு தேயும். இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம். பழைய வால்வுக்குள்ளேயே டாவி மூலம் புதியதை வைப்பதும் இப்போது நடக்கிறது. அதற்கு முதல் வால்வு சிறியதாக இருக்கக் கூடாது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

காய்ச்சலும் பல்லும்

செயற்கை வால்வு உள்ளவருக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்து மூன்று நாள் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும், வால்வில் தொற்று இருப்பதே தெரியாமல் வாரங்கள் போய்விடும். சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இதை நீங்களே ஞாபகப்படுத்தலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பல் பிடுங்குவது, வேர்ச் சிகிச்சை, ஈறைக் கிளறிச் சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் 2 கிராம் அமாக்சிசிலின். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து. அசிட்ரோமைப் பல் டாக்டர் சொல்லி நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் பலர் ஆபரேஷன் முடிந்ததும் மூன்று வாரத்துக்கொரு முறை போடும் பென்சிலின் ஊசியை விட்டுவிடுகிறார்கள். மாற்றியது ஒரு வால்வை. மற்ற மூன்று வால்வும் அதே காய்ச்சலுக்கு இரையாகக்கூடியவை. ஊசி எந்த வயது வரை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் அந்த ஊசியையும் அவரிடம் கேட்டே தொடர வேண்டும்.

நடமாட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்செலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்க வேண்டாம், டூவீலரும் வேண்டாம். நடையை முதல் வாரத்திலிருந்தே தொடங்கி வாராவாரம் கூட்டுங்கள். பேச்சு திக்காத வேகம் போதும்.

டிஸ்சார்ஜ் சமயத்தில் வால்வின் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதை ஃபைலுக்குள் பூட்டி வைக்காமல் பர்ஸில் வையுங்கள், செல்போனிலும் படமெடுத்து வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இன்று பழக்கத்தில் உள்ள செயற்கை வால்வுகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.